கையெழுத்து வைக்க முன்னம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் படை பற்றிய கேள்விகள் நிறைய. படையில் சேர ஆசைப்படும் பிள்ளை, வெளிநாட்டில் சேரத் துடிக்கும் பிள்ளை, ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளை என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கதை. எங்கள் ஊரில் இதை வாய்விட்டுக் கேட்பதற்கே துணிச்சல் வேண்டும், அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினேழரை வயது. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாதம்தான் இருக்கிறது. அவனோடு ரியூசனில் படித்த ஒரு பெடியனின் அண்ணன் இராணுவத்தில் சேர்ந்து மாதாமாதம் சம்பளம் எடுக்கிறானாம். தானும் சேரப்போகிறேன், இந்தப் படிப்பால் என்ன வரப்போகிறது என்று கேட்கிறான். என் கணவருக்குக் கூலி வேலை, வருமானம் நிலையில்லை. என் தம்பி 2009 இல் வன்னியில் காணாமல் போனவன். இதைக் கேட்டால் என் அம்மா தாங்கமாட்டா. நான் என்ன செய்ய?
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் மூச்சு விடலாம். இலங்கையில் 18 வயது நிரம்பாத எவரையும் முப்படையில் சேர்க்க முடியாது. ஆயுதப் போர்களில் சிறுவர்களை ஈடுபடுத்துவதைத் தடுக்கும் ஐ.நா. நெறிமுறை ஒன்று 2000 மே மாதம் வந்தது, அதே வருடம் செப்டெம்பரிலேயே இலங்கை அதை ஏற்றுக்கொண்டு, எங்கள் நாட்டில் கட்டாய ஆட்சேர்ப்பு இல்லை, விரும்பிச் சேர்வதற்கும் 18 வயது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. ஆகவே உங்கள் மகன் எவ்வளவு அவசரப்பட்டாலும் பிறப்புச் சான்றிதழ் அவனை விடாது. அந்த இடைவெளிக்குள்தான் உயர்தரப் பரீட்சையும் வருகிறது. இப்போதைக்கு அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "பரீட்சையை எழுதி முடி, பிறகு கதைப்போம்." வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேண்டாம் என்று சொன்ன மறுநாளே அது அவனுக்கு வைராக்கியமாக மாறிவிடும். நான் படிப்பித்த காலத்தில் அப்படி எத்தனையோ பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது சம்பளம். அவனுக்குச் சம்பளம் தெரிகிறது, ஆனால் அந்தச் சம்பளம் வரும் கடதாசியில் வேறு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. சாதாரண சிப்பாய் ஒருவர் ஓய்வூதியத்தோடு வெளியே வர 22 வருடச் சேவை வேண்டும். பதினெட்டில் சேர்ந்தால் நாற்பதில் வெளியே. அதற்கு இடையில் பிடிக்கவில்லை, வேறு வேலை கிடைத்திருக்கிறது, அம்மாவுக்குச் சுகமில்லை என்று நினைத்தவுடன் விட்டுவிட்டு வர இது கடை வேலை இல்லை. அனுமதியில்லாமல் வீட்டில் நின்றால் தப்பியோடியவன் என்ற பெயர். அப்படி நின்றவர்கள் முறைப்படி விலகிக்கொள்ள 2024 ஏப்ரலில் ஒரு பொதுமன்னிப்புக் காலம் கொடுத்தார்கள், அடுத்த வருடம் பிடிபடாமல் இருந்தவர்களைத் தேடிக் கைது செய்தார்கள். இதை அவனைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு வேலைக்குள் போகிறவனுக்கு அதிலிருந்து வெளியே வரும் வழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, இராணுவம் ஆள் குறைக்கும் காலம் இது. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது நினைவிருக்கும்: இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல் இருந்த தரைப்படையை 2024 இல் 135,000 ஆகவும், 2030 இல் ஒரு இலட்சமாகவும் குறைப்பது. சுருங்கிக்கொண்டு போகும் இடத்தில், சாதாரண தரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சிங்களம் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு தமிழ்ப் பிள்ளை அடிமட்டத்தில் நுழைந்தால் எவ்வளவு தூரம் மேலே வருவான் என்பதை அவனே யோசிக்கட்டும். கட்டளை, பயிற்சி, முகாமில் பேச்சு எல்லாம் சிங்களத்தில்தான். உயர்தரம் சித்தியடைந்து போனால் அதே படையில் வேறு கதவுகள் உண்டு. இரத்மலானையில் இருக்கும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு கடேற் அதிகாரியாக எடுபட்டால் பட்டம் படித்துக்கொண்டே அதிகாரியாகலாம், ஆனால் அதற்கும் பிறகு கட்டாயச் சேவைக்காலம் உண்டு, அதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். படையே வேண்டாம், கைத்தொழில்தான் வேண்டும் என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கிளிநொச்சி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தப் பட்டறைகளை வெளியில் நின்றாவது காட்டுங்கள். வீட்டில் இருந்து பத்து நாள் சொல்லும் புத்திமதியை விட அது பிரயோசனம்.

இனி உங்கள் தம்பி. இதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மகனுக்கு மாமாவின் கதையை முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? எங்கள் வீடுகளில் சுவரில் படம் தொங்கும், வருடத்துக்கு ஒருமுறை மாலை போடுவோம், ஆனால் என்ன நடந்தது, எப்போது கடைசியாகக் கண்டது, யார் யாரிடம் போய்க் கேட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டோம். போர் முடிந்தபோது உங்கள் மகன் தவழும் பிள்ளை. அவனுக்கு இராணுவம் என்றால் வீதியில் காணும் வாகனமும் சம்பளமும்தான். அவனை மறிப்பதற்காக அந்தக் கதையைச் சொல்லாதீர்கள், அவனுக்கு உரிமையான கதை என்பதால் சொல்லுங்கள். அம்மம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நீங்கள் நினைப்பதை விட வயதானவர்கள் உறுதியானவர்கள்.

இவ்வளவும் கேட்டு, பரீட்சை எழுதி, 18 வயதும் தாண்டி, அப்போதும் போகத்தான் போகிறேன் என்றால் அது அவன் முடிவு. எனக்கு அதில் விருப்பமில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்று அவனைத் தலைமுழுகிவிடாதீர்கள். முகாமில் ஏதும் அநியாயம் நடந்தால், அடிபட்டால், மனம் உடைந்தால் அவன் முதலில் கோல் எடுக்க வேண்டியது உங்களுக்குத்தான். அந்த நம்பரை எடுக்கவே பயப்படும் நிலையில் அவனை வைக்காதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, படையில் இருப்பவரும் அங்கே முறையிடலாம். இதையும் அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: அக்கா குடும்பம் லண்டனில். அவவின் மகனுக்கு 16 வயது ஆகப்போகிறது, பிரிட்டிஷ் ஆமியில் சேர வேண்டுமாம், அதற்கு ஒரு காலேஜ் இருக்கிறதாம். அத்தான் பிரச்சினையில்லை, அங்கே படிப்பும் தருகிறார்கள் என்கிறார். அக்கா அழுதுகொண்டு எனக்குக் கோல் எடுக்கிறா. பதினாறு வயதில் எடுப்பது சட்டமா?
— வாசகி, நல்லூர்

பதில்: சட்டம்தான். ஐரோப்பாவில் 16 வயதில் ஆள் எடுக்கும் ஒரே நாடு பிரித்தானியா. காலேஜ் என்று சொன்னது ஹாரகேற் நகரில் இருக்கும் இராணுவ அடித்தளக் கல்லூரியாக இருக்க வேண்டும், அந்த வயதுப் பிள்ளைகளை அங்கேதான் பயிற்றுவிக்கிறார்கள். ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு இந்த வயதைப் பதினெட்டாக உயர்த்துங்கள் என்று பிரித்தானியாவிடம் பல தடவை கேட்டுவிட்டது, அவர்கள் இன்னும் கேட்கவில்லை.

அத்தான் சொல்வது பொய்யில்லை. ஆங்கிலமும் கணிதமும் சொல்லித் தருவார்கள், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் உண்டு, சாப்பாடு, தங்குமிடம், சம்பளம் எல்லாம் உண்டு. 18 வயதாகும் வரை சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பமாட்டார்கள். ஆனால் அங்கே கிடைக்கும் படிப்பு ஏ லெவலுக்கு ஈடு இல்லை. பிறகு ஒருநாள் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று ஆசை வந்தால் அவன் பின்னுக்கு வந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அக்கா கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களைச் சொல்கிறேன், இதை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதக் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது, ஆகவே இது அவன் மட்டும் எடுக்கும் முடிவு இல்லை, பேனை அக்காவின் கையிலும் இருக்கிறது. சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் 18 வயதாகும் வரை முறைப்படி அறிவித்துவிட்டு விலகும் உரிமை அவனுக்கு உண்டு. அந்தப் பிறந்தநாள் தாண்டினால் கதை மாறிவிடும். குறைந்தபட்சச் சேவை நான்கு வருடம் என்று சொல்வார்கள், அந்த நான்கு வருடம் 18 வயதிலிருந்துதான் எண்ணப்படும், சேர்ந்த நாளிலிருந்து இல்லை. பதினாறில் சேர்ந்தவன் 22 வயதுவரை நிற்க வேண்டும், பெரியவனாகச் சேர்ந்தவனை விட இரண்டு வருடம் கூடுதலாக. எனக்கு இதில் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். வயதில் சின்னப் பிள்ளையிடமே கூடுதல் வருடத்தை வாங்குகிறார்கள்.

அக்கா அவனிடம் இப்படிக் கேட்கலாம்: "ஏ லெவலை முடித்துவிட்டுப் பதினெட்டில் போ, ஆமி எங்கேயும் ஓடிப்போகாது." உண்மையும் அதுதான், அங்கே முப்பது வயதுக்குப் பிறகும் சேர முடியும். பதினெட்டில் போனால் தகைமையும் கூட, தொழில் பிரிவைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பும் கூட. அவன் ஏன் போக ஆசைப்படுகிறான் என்று யாராவது கேட்டீர்களா என்பதும் எனக்கு யோசனை. பள்ளிக்கூடத்தில் ஏதும் சரியில்லையோ, வீட்டில் சத்தம் சண்டையோ, சிலவேளை வீட்டைவிட்டுப் போக ஒரு மரியாதையான வழி தேடுகிறானோ. கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் அத்தான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

கேள்வி: தம்பியை ஜேர்மனிக்கு அனுப்ப ஒரு ஏஜென்சிக்காரர் காசு கேட்கிறார். ரஷ்யா வழியாகப் போகலாம், அங்கே கொஞ்ச நாள் 'உதவி வேலை' செய்தால் பேப்பர் கிடைக்கும் என்கிறார். நம்பலாமா?
— பெயர் வேண்டாம், வடமராட்சி

பதில்: நம்ப வேண்டாம். ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஏற்கனவே கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டு, வங்கிச் சிட்டை, வந்த குரல் பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள்.

ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், அதில் 59 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2025 தொடக்கத்தில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்னார். பலர் ஓய்வுபெற்ற படையினர், சம்பளத்துக்காகப் போனவர்கள். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெடியன்களும் ஐரோப்பா என்று சொல்லிக் கூட்டிச் செல்லப்பட்டு அங்கே மாட்டிக்கொண்டதாக 2024 கடைசியில் அவர்களின் தாய்மார் வந்து அழுததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உங்கள் தம்பிக்குச் சொல்லப்படுவதும் அதே பாதைதான். 'உதவி வேலை', 'சமையல் வேலை', 'காவல் வேலை' என்று எது சொன்னாலும், ரஷ்ய மொழியில் ஒரு ஒப்பந்தத்தை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடு என்று சொல்லும் நேரத்தில் அவன் கடவுச்சீட்டு வேறு யாருடைய கையிலோ இருக்கும். வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைக்கக் கூடாது என்பதை அவன் மனதில் பதிய வையுங்கள். இந்த ஏஜென்சிக்காரரிடம் மட்டும் இல்லை, இனி வரப்போகும் எல்லாரிடமும்.

வெளிநாட்டு வேலை என்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், 1989 க்குக் கோல் எடுத்து அந்த முகவரின் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம். இதை வாசிக்கும் வேறு யாருடைய பிள்ளையாவது ஏற்கனவே அங்கே இருந்தால், யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் இருக்கும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். கடவுச்சீட்டுப் பிரதி, கடைசியாக வந்த செய்தி, படம், எந்த ஊர் என்று சொன்னானோ அது, எல்லாவற்றையும் கொண்டு போங்கள். தொடர்பே இல்லை என்றால் செஞ்சிலுவைச் சங்கத்திலும் தேடுதல் கோரிக்கை கொடுக்கலாம். வெட்கத்தால் மறைக்காதீர்கள், காசு கட்டியது உங்கள் குற்றம் இல்லை.

கேள்வி: 2008 இல் எனக்குப் பதினைந்து வயது. வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு தடுப்பு, புனர்வாழ்வு எல்லாம் முடிந்து வந்து கலியாணம் கட்டினேன். இப்போது இரண்டு பிள்ளைகள், தையல் வேலை செய்கிறேன். மூத்த மகள் பாடம் கேட்கும்போது எனக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை. இந்த வயதில் நான் ஓ.எல். எடுக்கலாமா? ஆட்கள் சிரிப்பார்களா?
— சகோதரி, புதுக்குடியிருப்பு

பதில்: எடுக்கலாம் பிள்ளை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க வயது கூடினது ஒரு தடையில்லை. அடையாள அட்டை இருந்தால் போதும், பரீட்சைத் திணைக்களம் அறிவித்தல் விடும்போது இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நெற் கபேயில் செய்து தருவார்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். தமிழும் கணிதமும் முதலில். மகளின் புத்தகமே உங்கள் புத்தகமாக இருக்கட்டும், அவள் ஆறாம் வகுப்பில் என்றால் நீங்களும் ஆறிலிருந்து தொடங்குங்கள்.

தையல் தெரிந்திருப்பதை நீங்கள் ஏதோ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது கையில் இருக்கும் தகைமை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில், வகுப்புக்குப் போகாமலே, ஏற்கனவே செய்து பழகிய வேலையைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் தைத்த சட்டைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதம் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் வங்கிக் கடன் கேட்கப் போகும்போதும் ஒரு பிடி இருக்கும். ஓ.எல். முடித்து இன்னும் படிக்க மனம் வந்தால் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, உயர்தரம் இல்லாதவர்களுக்கும் அங்கே அடித்தளப் பாடநெறிகள் உண்டு.

சிரிப்பார்களா என்று கேட்டீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைப் படையில் சேர்ப்பது இந்த நாட்டில் குற்றம். 2006 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி 30 வருடம் வரை சிறை என்று எழுதினார்கள். 2007 இல் பாரிசில் பல நாடுகள் கூடி, அப்படிச் சேர்க்கப்பட்ட சிறுவர்களை முதலில் பாதிக்கப்பட்டவர்களாகத்தான் பார்க்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டன. ஆகவே நீங்கள் பாதிக்கப்பட்டவர், வெட்கப்பட வேண்டியது கொண்டுபோனவர்கள். போர் முடிந்தபோது சிறுவர்கள் என்று கணக்கெடுத்துப் புனர்வாழ்வுக்கு அனுப்பியவர்கள் 594 பேர். கொஞ்சப் பேரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் விட்டுப் படிப்பித்தார்கள், அவர்களில் சிலர் பரீட்சை எழுதினார்கள். ஒரு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிய பிறகு இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்களா, என்ன வேலை செய்கிறார்கள் என்று யாரும் ஒழுங்காகப் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. அது அரசாங்கத்தின் தவறு மட்டும் இல்லை. எங்கள் பாடசாலைகளும் உங்களைப் பின்வாங்கில் கூட இருத்த யோசித்தன. நான் ஆசிரியையாக இருந்தவள், வரவு இடாப்பில் ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போன நாட்கள் எனக்கும் தெரியும். திரும்பி வந்த பெயர்களுக்கு நாங்கள் போதிய இடம் கொடுக்கவில்லை.

மகளிடம் நீங்களும் படிக்கப்போவதைச் சொல்லிவிடுங்கள். காரணத்தை எப்போது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம், அவசரம் இல்லை. இரவில் நித்திரை வராமல், பழைய சத்தங்கள் திரும்ப வந்துகொண்டிருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், இலவசம்தான். பரீட்சைக்குப் படிப்பதற்கு நித்திரையும் வேண்டும்.

கேள்வி: பாடசாலையில் கடேற் பயிற்சிக்கு மகளின் பெயரைக் கேட்கிறார்கள். கொடுத்தால் பிறகு ஆமிக்கு எடுப்பார்களா?
— தந்தை, சாவகச்சேரி

பதில்: எடுக்கமாட்டார்கள். தேசிய மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ்தான் இருக்கிறது, சீருடையும் அணிநடையும் உண்டு, ஆனால் அதில் சேர்ந்த மாணவர் பிறகு படையில் சேர வேண்டும் என்று எந்தக் கடப்பாடும் கிடையாது. மகளுக்கு விருப்பமா என்று முதலில் அவளிடம் கேளுங்கள். விருப்பம் என்றால், பயிற்சி முகாம் எங்கே, எத்தனை நாள், பெண் ஆசிரியை கூடப் போகிறாவா, இரவில் எங்கே தங்குவது என்பதை அதிபரிடம் எழுத்தில் வாங்குங்கள். விருப்பம் இல்லை என்றால் இல்லைதான், அதற்காகப் பிள்ளையை யாரும் வகுப்பில் குத்திக்காட்டினால் நேரே போய் அதிபரிடம் கதையுங்கள், அதிலும் சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகம்.